பூட்கேம்ப் முடித்தாகிவிட்டது, வேலை கிடைக்கவில்லை: இனி எந்த வழி?

போன மாதம் ஒரு பெண் தன்னுடைய எக்செல் கோப்பைத் திறந்து என்னிடம் காட்டினார். நிறுவனத்தின் பெயர், விண்ணப்பம் போட்ட தேதி, வந்த பதில் என்று மூன்று பத்திகள். முந்நூறுக்கும் மேல் வரிசைகள். மூன்றாவது பத்தியில் முக்கால்வாசி வெறும் கட்டங்கள். கோடிங்கைச் சில மாதத்தில் கற்றுத்தந்து வேலைக்குத் தயார்செய்யும் பூட்கேம்ப் என்ற பயிற்சி, அதில் பதினாறு வாரத்தை முடித்து ஏழு மாதம் ஆகிறது. "இன்னும் எத்தனை போட்டால் ஒன்று கிடைக்கும்?" என்று கேட்டார்.

என்னால் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. ஆனால் கோப்பைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அத்தனை விண்ணப்பமும் ஒரே மாதிரி வேலைக்குத்தான்: ஜூனியர் ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர் (திரையில் தெரியும் பகுதியை எழுதுபவர்), ஜூனியர் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் (அதையும் பின்னால் இயங்கும் பகுதியையும் எழுதுபவர்). கோடிங் படிக்க வருவதற்கு முன் ஆறு வருடம் அவர் ஒரு பெரிய கிடங்கில் சரக்கு இருப்புக் கணக்கைப் பார்த்தவர். ரெஸ்யூமேயில் அந்த ஆறு வருடம் கடைசியில், இரண்டே வரியில் ஒதுங்கிக் கிடந்தது.

நானும் இப்படி ஒரு குறுகிய படிப்பின் வழியாகத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். 2016இல். முடித்த இரண்டாவது மாதமே வேலை. இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஜூனியர் வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களைப் படிக்கிறேன், இன்டர்வியூ எடுக்கிறேன். எனக்கு அன்று திறந்த வழியை இன்று வருபவர்களுக்குச் சொன்னால் அது அவர்களை ஏமாற்றுவதாகிவிடும். அதனால் இன்று அவர்கள் முன்னால் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எந்த வழியானாலும் நான் கேட்பது மூன்று கேள்விகள். முதல் சம்பளம் கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்? அதுவரை கற்ற கோடிங் மறக்காமல் இருக்குமா? அந்த வாசலில் உங்களோடு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்?

கதவு ஏன் இவ்வளவு குறுகிப்போனது

பூட்கேம்ப் என்பதே 2011, 2012 வாக்கில் பிறந்த ஒன்று. டெவ் பூட்கேம்ப், ஹேக் ரியாக்டர், ஃப்ளாட்டிரான் ஸ்கூல் மூன்றுமே 2012இல் தொடங்கியவை. கடன் மலிவாகக் கிடைத்த காலம் அது. முதலீட்டாளர்கள் ஸ்டார்ட்அப்களில் பணத்தைக் கொட்டினார்கள். ஆள் போதவில்லை. மூன்று நான்கு மாதம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராமிங் மொழியைப் படித்துவிட்டு வந்தவரை எடுத்து, ஒரு சீனியரின் பக்கத்தில் உட்காரவைத்து ஆறு மாதத்தில் தேற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. அந்தக் கணக்கு அன்று சரியாகவே வந்தது.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டி இருந்த விகிதம் 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5% வரை போய்விட்டது. பணம் விலை ஏறியதும், இரண்டு வருடம் கழித்துப் பலன் தரும் எல்லாச் செலவும் முதலில் வெட்டப்பட்டன. ஜூனியரைத் தேற்றுவது அப்படிப்பட்ட செலவு. கூடவே ஆட்குறைப்பு. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர், மைக்ரோசாஃப்ட் 10,000 பேர். இவர்களில் இரண்டு மூன்று வருட அனுபவம் உள்ளவர்களும் இருந்தார்கள். "ஜூனியர்" என்று போட்ட விளம்பரத்துக்கு அவர்களும் விண்ணப்பித்தார்கள். பூட்கேம்ப்பிலிருந்து நேராக வந்தவரின் ரெஸ்யூமே அவர்களுடையதற்குக் கீழே போய்விட்டது.

அப்புறம் செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ. ஒரு ஜூனியருக்கு முதல் மூன்று மாதம் என்ன வேலை கொடுப்போம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு படிவத்தில் தவறான மின்னஞ்சலைத் தடுப்பது, ஒரு சின்ன பிழையைத் திருத்துவது, புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களில் விட்டுப்போனவற்றை எழுதுவது. இன்று அதையெல்லாம் சீனியரே ஒரு ஏஐ கருவியிடம் சொல்லி மதியத்துக்குள் முடித்துவிடுகிறார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் சம்பளப் பட்டியல் தரவுகளை வைத்து 2025 ஆகஸ்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயது வரையுள்ள மென்பொருள் டெவலப்பர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து 2025 ஜூலைக்குள் கிட்டத்தட்ட 20% சரிந்திருக்கிறது. அதே தொழிலில் வயதில் மூத்தவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. அடி விழுந்தது வாசற்படியில். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் தப்பித்திருக்கிறார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கணிப்பும் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2023 முதல் 2033 வரையிலான காலத்துக்கு இரண்டு வேலைகளைப் பிரித்துக் கணித்தது. "கம்ப்யூட்டர் புரோகிராமர்" என்ற வகை 10% சுருங்கும். "மென்பொருள் டெவலப்பர், தரப் பரிசோதகர்" என்ற வகை 17% வளரும். முதல் வகை, வேறொருவர் முடிவு செய்து கொடுத்ததைக் கணினிக்கான கோடாக எழுதித் தருவது. இரண்டாவது வகையில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதும் வேலையின் பகுதி. பதினாறு வாரத்தில் ஒருவருக்குப் பெரும்பாலும் முதல் வகையைத்தான் கற்பிக்க முடியும். இரண்டாவது வகை ஒரு துறையை உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு வருவது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

"வேலை கிடைத்தவர்கள் இத்தனை சதவீதம்"

இன்னும் சேராமல், சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. விளம்பரத்தில் வரும் சதவீதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஃப்ளாட்டிரான் ஸ்கூல் 98.5% பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தது. பயிற்சிப் பணியாளராகவும் ஒப்பந்தத்திலும் ஃப்ரீலான்ஸாகவும் போனவர்களையும் சேர்த்து வந்த எண் அது. சராசரிச் சம்பளத்தைச் சொல்லும்போது மட்டும் முழுநேர வேலையில் இருப்பவர்களை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். 2017இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுடன் 375,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பிற்பாடு ப்ளூம்டெக் என்று பெயர் மாறிய பள்ளியின் மீது 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. 71 முதல் 86% வரை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். உள்ளே இருந்த கணக்கு 50%ஐ ஒட்டி, சில சமயம் 30% வரைகூட இறங்கியிருந்தது. ஒரு வகுப்பில் 100% பேருக்கும் வேலை என்று தலைமை நிர்வாகி பொதுவெளியில் எழுதியிருந்தார். அந்த வகுப்புக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு மாணவர்.

அதனால் எந்தப் பள்ளியானாலும் கேளுங்கள்: சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை, முடித்தவர்களில் யாரையெல்லாம் கணக்கிலிருந்து விட்டீர்கள், உங்கள் பள்ளியிலேயே உதவி ஆசிரியராக வைத்துக்கொண்டவர்களையும் "வேலை கிடைத்தவர்" என்று எண்ணினீர்களா, கடந்த ஆறு மாதத்தில் முடித்தவர்கள் ஐந்து பேரோடு நான் பேசலாமா. கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

வழி ஒன்று: விடாமல் ஜூனியர் டெவலப்பர் வேலைக்கே போடுவது

பலரும் யோசிக்காமலே போய்க்கொண்டிருக்கும் வழி இது. இதில் நல்லது இருக்கிறது. முழு நேரமும் தேடலுக்குப் போவதால் தினமும் கோடு எழுதலாம், இன்டர்வியூவுக்குப் பயிற்சி எடுக்கலாம். கிடைத்தால் விரும்பிய வேலையே கிடைக்கும்.

ஆனால் மூன்று கேள்விகளில் இரண்டில் இந்த வழி தோற்கிறது. வரிசை மிக நீளம். சம்பளம் எப்போது வரும் என்பதைச் சொல்லவே முடியாது. நான் ரெஸ்யூமே படிக்கும்போது நடப்பதைச் சொல்கிறேன். ஒரே நாளில் நாற்பது ஐம்பது பார்ப்பேன். ஒரு பெயரில் நிற்பது அரை நிமிடம். அதற்குள் ஒரு வானிலை ஆப், செய்யவேண்டியவற்றின் பட்டியல் ஆப், ஒரு பிரபல விற்பனைத் தளத்தின் நகல் என்று ஒரே மூன்று ப்ராஜெக்ட்களை நான்கு பேரிடம் பார்த்துவிடுவேன். அவர்கள் உழைக்கவில்லை என்று நான் ஒருபோதும் நினைப்பதில்லை. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்தால் ஒரே ப்ராஜெக்ட்தான் வரும். ஆனால் எனக்கு அவர்களைப் பிரித்துப் பார்க்க எதுவும் கிடைப்பதில்லை. அப்போது கை தானாகவே பட்டம் உள்ளவரின் பக்கமோ, நமக்குத் தெரிந்த ஒருவர் அனுப்பிய பெயரின் பக்கமோ போகிறது. நியாயமில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் நடக்கிறது.

இதே வழியில்தான் போவேன் என்றால் இரண்டை மட்டும் மாற்றுங்கள். ஒன்று, விளம்பரத்தைப் பார்த்துப் போடும் விண்ணப்பத்தைக் குறைத்து, ஆளைப் பிடித்துப் போடும் விண்ணப்பத்தைக் கூட்டுங்கள். உங்களுக்கு முன் அதே பூட்கேம்ப்பில் முடித்து இப்போது வேலையில் இருப்பவர்கள், பழைய வேலையில் கூட இருந்தவர்கள், ஒரு டெவலப்பர் கூட்டத்தில் சந்தித்தவர்கள். இப்படித் தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரை, அதாவது ரெஃபரல் ஒன்று வந்தால் நான் அந்த ரெஸ்யூமேயை முழுதாகப் படிக்கிறேன், அரை நிமிடத்தில் தள்ளுவதில்லை. இரண்டாவது, ஒரு கெடு வையுங்கள். நான் மூன்று மாதம் என்பேன். கெடு இல்லாத தேடல் ஆளைத் தின்றுவிடும். ஏழாவது மாதத்தில் இன்டர்வியூவுக்கு வருபவரின் குரலிலேயே அது தெரிகிறது. அந்தக் குரலோடு ஒரு நல்ல பதிலைச் சொன்னாலும் அது பாதிதான் போய்ச் சேரும்.

வழி இரண்டு: பக்கவாசல்

டெவலப்பர் என்ற பெயர் இல்லாத, ஆனால் மென்பொருள் கம்பெனிக்குள் இருக்கும் வேலைகள். டெக்னிக்கல் சப்போர்ட், டெஸ்டிங், வாடிக்கையாளர் இடத்தில் மென்பொருளை நிறுவிப் பழக்கிவிடும் இம்ப்ளிமென்டேஷன், டேட்டா அனலிஸ்ட், ஆவணம் எழுதும் வேலை. வரிசை இங்கேயும் உண்டு, ஆனால் குறைவு. ஏனென்றால் பூட்கேம்ப் முடித்தவர்களில் பலர் இதைத் தமக்குக் கீழானது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

சப்போர்ட் வேலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் நிறைய. வாடிக்கையாளர் ஒருவர் "ரிப்போர்ட் வரவில்லை" என்கிறார். நீங்கள் மென்பொருள் தன் நடவடிக்கைகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளைப் பார்க்கிறீர்கள், டேட்டாபேஸில் எஸ்க்யூஎல் என்ற தேடல் மொழியைப் போட்டுத் தேடுகிறீர்கள், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐ என்ன பதில் தந்தது என்று சோதிக்கிறீர்கள், கடைசியில் டெவலப்பர் குழுவுக்கு "இன்ன இடத்தில், இன்ன காரணத்தால் உடைகிறது" என்று எழுதுகிறீர்கள். இதை ஒரு வருடம் செய்தவருக்கு அந்த மென்பொருள் எங்கே எங்கே உடையும் என்பது, அதை எழுதியவர்கள் சிலரைவிடவும் நன்றாகத் தெரியும். என்னோடு வேலை செய்யும் ஒருவர் அப்படி வந்தவர்தான். பதினான்கு மாதம் சப்போர்ட்டில் இருந்தார். தெளிவாக எழுதிய பிழை அறிக்கைகளால் டெவலப்பர்களுக்கு அவர் பெயர் தெரிந்துவிட்டது. ஒருநாள் சின்ன திருத்தம் ஒன்றைத் தானே செய்து, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் புல் ரிக்வெஸ்ட் போடட்டுமா என்று கேட்டார். சரி என்றோம். நான்காவது திருத்தத்துக்குப் பிறகு குழுவில் ஓர் இடம் காலியானபோது வெளியே விளம்பரமே போகவில்லை.

ஆனால் எல்லாப் பக்கவாசலும் உள்ளே போகாது. தொலைபேசியில் எழுதிவைத்ததைப் படித்து, டிக்கெட்டை (வாடிக்கையாளரின் புகார்ப் பதிவை) மூடி, நிமிடக் கணக்கில் அளக்கப்படும் சப்போர்ட் வேலைகள் உண்டு. கையால் ஒரே பொத்தானை நாள் முழுக்க அழுத்திப் பார்க்கும் டெஸ்டிங் வேலைகள் உண்டு. அங்கே இரண்டு வருடம் போனால் கோடிங் கையை விட்டுப் போய்விடும். இன்டர்வியூவில் நீங்களே கேட்டுவிடுங்கள்: போன இரண்டு வருடத்தில் இந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் டெவலப்பராக மாறினார்கள்? லாக்கும் டேட்டாபேஸும் பார்க்க எனக்கு அனுமதி இருக்குமா? டெஸ்டிங் என்றால், தானாகவே சோதிக்கும் ஆட்டோமேஷன் புரோகிராம்களை எழுதுவேனா? முதல் கேள்விக்கு ஒரு பெயரையாவது சொல்ல முடியாவிட்டால் அந்த வாசலுக்கு அப்புறம் சுவர்தான்.

மூன்று அளவுகோல்களிலும் இது சுமாராகத் தேறுகிறது. சம்பளம் சீக்கிரம் வரும், ஆனால் டெவலப்பர் சம்பளத்தைவிடக் குறைவு. கோடிங் உயிரோடு இருக்கும், நீங்கள் அதற்குத் தீனி போட்டால். கையில் சேமிப்பு தீர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

வழி மூன்று: பழைய தொழிலுக்குள் கோடிங்கைக் கொண்டுபோவது

இதுதான் என் மனதுக்கு நெருக்கமான வழி. இதைப் பூட்கேம்ப்களில் ஏன் யாரும் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. "பழைய வாழ்க்கையை விட்டு புதிய தொழிலுக்கு மாறுங்கள்" என்றுதான் விளம்பரமே தொடங்குகிறது. அதனால் வருபவர்களும் பழைய வாழ்க்கையை ரெஸ்யூமேயிலிருந்து துடைத்துவிடுகிறார்கள்.

மேலே சொன்ன புரோகிராமர், டெவலப்பர் என்ற இரண்டு வகையை இப்போது நினைத்துப் பாருங்கள். சொன்னதைக் கோடாக எழுதுவது மலிவாகிவிட்டது. எதை எழுத வேண்டும் என்று தெரிவது மலிவாகவில்லை. ஒரு செவிலியருக்குத் தெரியும், மருந்து கொடுத்த நேரத்தை ஷிஃப்ட் மாறும்போது எங்கே தவறவிடுகிறார்கள் என்று. ஒரு கணக்காளருக்குத் தெரியும், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் ஒத்துவராமல் போவது எந்த இடத்தில் என்று. ஓர் ஆசிரியருக்குத் தெரியும், மதிப்பெண் போடும் மென்பொருளில் எந்தத் திரையை எல்லோரும் சபிக்கிறார்கள் என்று. இதை எந்த ஏஐ கருவியும் அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வழி இரண்டாகப் பிரிகிறது. முதல் கிளை, பழைய வேலைக்கே அல்லது அதே மாதிரி வேலைக்கே திரும்பிப் போய், அங்கே கோடிங்கால் செய்யக்கூடியதைச் செய்வது. எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர் இப்படிப் போனார். ஐந்து கிளைகளிலிருந்து வரும் எக்செல் கோப்புகளை ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் உட்கார்ந்து கையால் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். இருநூறு வரிகூட இருக்காது. மூன்று நாள் வேலை இருபது நிமிடமானது. இன்டர்வியூவில் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது: பிரச்சினை உண்மை, பயன்படுத்தியவர்கள் உண்மை, மிச்சமான நேரத்தை எண்ணில் சொல்லலாம். வானிலை ஆப்பில் இந்த மூன்றும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அதே நிறுவனத்தில் தரவுக் குழு ஒன்று ஆரம்பித்தபோது முதல் ஆளாக அவரைப் போட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐடி பிரிவின் அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் தரவை உங்கள் சொந்த லேப்டாப்பில் ஏற்றாதீர்கள், வெளியே உள்ள ஏஐ கருவியில் ஒட்டாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும் வேலையே போகக்கூடிய விஷயம் அது. மேலாளரிடம் சொல்லிவிட்டு, போலித் தரவை வைத்து முதல் வடிவத்தைக் காட்டுங்கள்.

இரண்டாவது கிளை, உங்கள் பழைய தொழிலுக்கு மென்பொருள் செய்து விற்கும் கம்பெனிகளுக்குப் போவது. மருத்துவமனை மென்பொருள், கிடங்கு மென்பொருள், பள்ளி நிர்வாக மென்பொருள், காப்பீட்டு மென்பொருள். பூட்கேம்ப் வகுப்பில் யாரும் இவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஆப்களைச் செய்யும் கம்பெனிகள் பக்கம்தான் கூட்டம். அதனாலேயே இங்கே வரிசை சிறியது. இந்தக் கம்பெனிகளுக்குள் கோடிங் தெரிந்தவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். வாடிக்கையாளரின் மொழி தெரிந்தவர்கள்தான் குறைவு. நான் ஒருமுறை அப்படிப்பட்ட குழு ஒன்றில் இருந்தேன். வாடிக்கையாளர் சொன்ன ஒரு சொல்லை நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டு இரண்டு மாதம் வேறெதையோ கட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தொழிலில் ஒரு வருடம் இருந்த ஒருவர் குழுவில் இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே நிறுத்தியிருப்பார்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பழைய வேலையை வெறுத்து ஓடிவந்தவருக்கு இதைச் சொன்னால் காயத்தில் கை வைப்பதுபோல் இருக்கும். உடலும் மனமும் நொந்து ஒரு தொழிலை விட்டவரை அங்கேயே திரும்பிப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்களுக்கு இரண்டாவது கிளை மட்டும் பொருந்தலாம்: அந்தத் தொழிலைச் செய்ய வேண்டியதில்லை, செய்பவர்களுக்கு உதவும் கருவியைச் செய்யலாம். இன்னொரு குறை, கோடிங்கில் உங்களைத் திருத்த ஆள் இல்லாமல் போவது. கணக்குப் பிரிவில் நீங்கள் ஒருவர்தான் பைத்தான் எழுதுகிறீர்கள் என்றால் தவறான பழக்கம் ஒட்டிக்கொண்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியே ஒரு துணை தேடிக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறையாவது யாரிடமாவது நீங்கள் எழுதிய புரோகிராமைக் காட்டுங்கள்.

வழி நான்கு: பட்டப்படிப்பு

பட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பூட்கேம்ப் முடித்தவர்களிடம் அதிகம். பாதி உண்மை. நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, புதிதாகக் கணினி அறிவியல் பட்டம் பெற்ற அமெரிக்க இளைஞர்களில் 6.1% பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். கணினிப் பொறியியலில் 7.5%. ஆனால் அதே கணக்கில் இன்னொரு பத்தி உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. படிப்புக்குத் தேவையில்லாத வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் கணினி அறிவியலில் 16.5% மட்டும்தான். எல்லாப் பட்டதாரிகளையும் சேர்த்தால் அது ஏறத்தாழ 40%. அதாவது, பட்டம் இருந்தும் காத்திருக்க வேண்டியிருக்கலாம். கிடைக்கும்போது பெரும்பாலும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கிறது.

இருபது வயதுக்காரர், எந்தப் பட்டமும் இல்லை, குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு இல்லை என்றால் எனக்குத் தயக்கமே இல்லை, போய்ப் படியுங்கள். பூட்கேம்ப்பில் விட்டுப்போன டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் அங்கே அடிப்படையிலிருந்து வரும். ஏஐ எழுதிய கோடு ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்க அதெல்லாம் வேண்டும். வேறு துறையில் ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்கு இரண்டாவது இளநிலைப் பட்டம் பெரும்பாலும் நேர விரயம். வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் முதுநிலை படிப்பது நல்லது. ஜார்ஜியா டெக் 2014இல் தொடங்கிய இணையவழிக் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பு இதற்கு நல்ல உதாரணம். நேரடிப் படிப்பின் கட்டணத்தில் சிறு பங்குதான், உலகில் எங்கிருந்தும் சேரலாம், ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று மெதுவாகப் போகலாம். ஆனால் பாடங்கள் கடினம். பூட்கேம்ப் மட்டும் முடித்துவிட்டு நேராகப் போனால் முதல் பருவமே திணறும். முன்கூட்டியே சில அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டுப் போங்கள்.

வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, முப்பத்தைந்து வயதில் முழுநேரம் படிக்கப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மற்றவை

இன்னொரு பூட்கேம்ப்? வேண்டாம். இப்போது "ஏஐ இன்ஜினியர் பன்னிரண்டு வாரத்தில்" என்று வருகிறது. முதல் சான்றிதழ் திறக்காத கதவை இரண்டாவது சான்றிதழும் திறக்காது. பூட்கேம்ப் நடத்தும் தொழிலே தள்ளாடுகிறது. டெவ் பூட்கேம்ப்பும் த அயர்ன் யார்டும் 2017லேயே மூடிவிட்டன. பல பல்கலைக்கழகங்களின் பெயரில் பூட்கேம்ப் நடத்திவந்த டூயூ நிறுவனம், இந்தப் பிரிவையே நிறுத்துவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது.

ஃப்ரீலான்ஸ், தனியாகச் சோறு போடும் அளவுக்கு ஆரம்பத்தில் வராது. தெரிந்தவர் ஒருவரின் சிறு தொழிலுக்கு ஒரு தளம் செய்து கொடுங்கள், பணம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. தேவை என்னவென்று கேட்பது, நடுவில் அவர் மனம் மாறுவது, முடித்த பிறகு வரும் தொலைபேசி அழைப்பு எல்லாம் அனுபவம்தான். யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருளான ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பது நல்ல பயிற்சி, முன்பின் தெரியாதவர் எழுதிய பெரிய புரோகிராமைப் படிக்கக் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் ஆவணத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி டெவலப்பர்கள் தங்கள் புரோகிராம்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில், பங்களித்த நாளைக் காட்டும் பச்சைக் கட்டம் சேர்ப்பதால் எந்த இன்டர்வியூவும் வராது. ஒரே ப்ராஜெக்ட்டில் ஆறு மாதம் இருந்து, அதைப் பராமரிப்பவர்களுக்கு உங்கள் பெயர் பழகினால்தான் பலன்.

யாருக்கு எது

கையில் மூன்று மாதச் செலவுக்குக் குறைவாகப் பணம் இருந்தால் இன்றே பக்கவாசலுக்குப் போடுங்கள், அல்லது பழைய வேலைக்குத் திரும்புங்கள். பசியோடு செய்யும் தேடலில் நல்ல முடிவு எடுக்க முடியாது. திரும்பிப் போவதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உங்கள் வாடகையைக் கட்டப் போவதில்லை.

முடித்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஆறு மாதத்துக்குச் சேமிப்பு இருக்கிறது, அறிந்தவர்கள் சிலர் கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்றால் முதல் வழியில் மூன்று மாதம் முழு மூச்சோடு போங்கள். அதே நேரத்தில் பக்கவாசலுக்கும் வாரம் இரண்டு மூன்று போட்டுவையுங்கள்.

ஒரு தொழிலில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவர் என்றால் மூன்றாவது வழியை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். எந்தத் தொழிலும் இல்லாமல் பள்ளி முடித்து நேராகப் பூட்கேம்ப் வந்தவருக்கு மூன்றாவது வழி திறக்காது. அவருக்குப் பட்டமும் பக்கவாசலும் சேர்ந்தது சரியாக இருக்கும்: பகலில் சப்போர்ட், மாலையில் படிப்பு. கடினம்தான். அதைச் செய்துகொண்டிருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும், இருவருக்கும் தூக்கம் குறைவு, ஆனால் இருவரும் முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் கோப்புக்கு வருகிறேன். அன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரெஸ்யூமேயைத் திருப்பிப் போட்டோம். கிடங்கில் இருந்த ஆறு வருடம் மேலே வந்தது. பூட்கேம்ப் அதற்குக் கீழே. வானிலை ஆப்பை எடுத்துவிட்டு, இருப்பில் குறையும் சரக்கை முன்கூட்டியே காட்டும் ஒரு சின்ன கருவியை அவர் பத்து நாளில் எழுதினார். அதில் வரும் எச்சரிக்கை ஏன் காலை ஆறு மணிக்கு வர வேண்டும், எட்டு மணிக்கு வந்தால் ஏன் பயனில்லை என்று அவர் விளக்கியபோது எனக்கே புதிதாக இருந்தது. லாரிகள் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுமாம். பிறகு கிடங்கு மென்பொருள் செய்யும் கம்பெனிகளைத் தேடிப் பட்டியல் எடுத்தார். பதினொன்று கிடைத்தன. அவற்றில் இரண்டில், அவருடைய பழைய கிடங்குக்கு மென்பொருள் விற்க வந்தவர்கள் இப்போது வேலை செய்கிறார்கள்.

எக்செல் கோப்பில் புதிய தாள் ஒன்று திறந்திருக்கிறார். பதினொரு வரிசை. மூன்றாவது பத்தியில் இதுவரை நான்கு பதில்கள், இரண்டு மறுப்பு, இரண்டு இன்டர்வியூ. வருகிற வியாழக்கிழமை முதலாவது. இம்ப்ளிமென்டேஷன் வேலை, வாடிக்கையாளர் கிடங்குகளுக்குப் போய் அமைத்துக் கொடுப்பது, கொஞ்சம் பைத்தானும் எஸ்க்யூஎல்லும். தயாரிப்புக்காக, ஃப்ரண்ட் எண்ட் எழுதப் பயன்படும் ரியாக்ட் பற்றிய கேள்விகளைப் படிக்கட்டுமா என்று கேட்டார். பழைய கிடங்கில் இருப்புக் கணக்கு தப்பிப்போன மூன்று சம்பவங்களை, என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள், புதன்கிழமை பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.